'ஒளியும் ஒலியும்' முதல் 'ஆல் பாஸ்' வரை... ஒரு தலைமுறை எப்படி உருவாகிறது?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் ஒருமுறையாவது அந்தப் படம் வந்துவிடும். மேலே கமர்கட், தேன்மிட்டாய். நடுவில் பென்சில் சொருகிய ஆடியோ கேசட். கீழே, மரப்பெட்டிக்குள் கதவு வைத்த டி.வி. 'இதெல்லாம் தெரிந்தால் நீங்கள் 90ஸ் கிட்ஸ்' என்று ஒரு வரி.

அடுத்த நிமிடமே பதில்கள் குவியும். "ஐயோ, எங்க மொட்டை மாடி ஆன்டெனா!" என்பார் சித்தி. "காக்கா வந்து உட்கார்ந்தா படம் போயிடும். நான்தான் மேல ஏறித் திருப்புவேன்" என்பார் மாமா. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் மட்டும், "கேசட்டுக்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பாள்.

அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள் அல்ல. ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் வேலூர், இன்னொருவர் சென்னை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்களைப் போலப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேரை 'நாங்க' என்று சொல்ல வைக்கும் இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? அந்த 'நாங்க'வுக்குள் உண்மையிலேயே எல்லோரும் இருக்கிறார்களா?

பிறந்த ஆண்டு மட்டும் போதாது

இந்தக் கேள்வியை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே கையில் எடுத்தவர் கார்ல் மன்ஹெய்ம். புடாபெஸ்டில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியல் அறிஞர். 1928-ல் தலைமுறைகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது.

அவர் சொன்னது எளிமையான விஷயம். ஒரே ஆண்டில் பிறந்துவிட்டால் மட்டும் இருவர் ஒரே தலைமுறை ஆகிவிட மாட்டார்கள். 1800-ஆம் ஆண்டையொட்டி சீனாவில் வாழ்ந்த இளைஞனையும் ஜெர்மனியில் வாழ்ந்த இளைஞனையும் அவர் உதாரணம் காட்டுகிறார். வயது ஒன்றுதான். ஆனால் இருவருக்கும் பொதுவாக எதுவுமே நடக்கவில்லை. இளமையில் ஒரே நிகழ்வுகள் மேலே வந்து விழுந்து, அவற்றுக்கு முகம் கொடுத்தவர்கள்தான் ஒரு தலைமுறையாகத் திரள்கிறார்கள் என்றார் அவர்.

ஏன் குறிப்பாக இளமையில்? அதற்கான விடை பின்னர் உளவியல் ஆய்வுகளில் கிடைத்தது. வயதானவர்களிடம் வாழ்க்கையில் நடந்தவற்றை நினைவுகூரச் சொன்னால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வருகின்றன. முதல் பள்ளி மாற்றம், முதல் நண்பன், முதல் வேலை, முதல் காதல் என்று எல்லாமே முதல்முறையாக நடக்கும் வயது அது. அப்போது கேட்ட பாட்டும், பார்த்த படமும், நாட்டில் நடந்த கலவரமும் சேர்ந்தே மனதில் பதிந்துவிடுகின்றன.

1989-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் இதையே காட்டியது. ஹோவர்ட் ஷூமன், ஜாக்குலின் ஸ்காட் என்ற இரு ஆய்வாளர்கள், கடந்த 50 ஆண்டுகளில் நடந்தவற்றில் எது முக்கியம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்ட ஆய்வு அது. பெரும்பாலும் ஒவ்வொருவரும் தங்கள் பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ நடந்ததையே சொன்னார்கள். வரலாற்றின் முக்கியமான நாள் எது என்ற கேள்விக்கு, அவர்கள் இளமையே பதில் சொன்னது.

நம் வீடுகளிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 80 வயதை ஒட்டிய தாத்தாவிடம் கேட்டால், 1965 மொழிப்போராட்டத்தில் கல்லூரிகள் மூடப்பட்டதைச் சொல்வார். ராமேஸ்வரம் பக்கத்துப் பாட்டி என்றால், 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைச் சொல்வார். நாகப்பட்டினத்துக்காரர் என்றால், 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைத்தான் சொல்வார். 2017 ஜனவரியில் கல்லூரி மாணவராக இருந்தவர், மெரினாவில் செல்போன் விளக்குகளைத் தூக்கிப் பிடித்த இரவைச் சொல்வார்.

வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்

பெரிய சம்பவங்களால் உருவாகும் தலைமுறை ஒரு வகை. சம்பவமே இல்லாமல், ஒரு வழக்கத்தால் உருவாகும் தலைமுறை இன்னொரு வகை. தமிழ்நாட்டில் அதற்கு நல்ல உதாரணம் டி.வி.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982-ல் வண்ணம் வந்தது. இருந்தது ஒரே சேனல். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை சினிமா. தவறவிட்டால் மறுபடி பார்க்க வழியில்லை. அதனால் வெள்ளிக்கிழமை அந்த அரை மணி நேரத்துக்குள் வீட்டுப்பாடம் முடிந்திருக்கும், சமையல் முடிந்திருக்கும், தெருவும் காலியாக இருக்கும்.

1987 ஜனவரி 25 அன்று ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' தொடங்கியது. அது முடிந்த சில மாதங்களில், 1988 அக்டோபர் 2 அன்று பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரதம்'. இரண்டுமே இந்தி. மொழி புரியாவிட்டாலும் கதை தெரியும் என்பதால் தமிழ்நாட்டிலும் ஞாயிறு காலைகளில் வீடுகள் நிறைந்தன. 'இப்ப என்ன சொல்றான்?' என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு, இந்தி தெரியாத பாட்டிகளே உரை சொன்னார்கள்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி வந்தது. மெல்ல மெல்ல கேபிள் ஒயர்கள் தெருக்களைக் கடந்தன. 1997 செப்டம்பரில் 'சக்திமான்' வந்தபோது, கையைத் தூக்கிச் சுழலாத பையனே இல்லை என்னும் அளவுக்கு அது பரவியது. அந்த சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாதான் 'மகாபாரத'த்தில் பீஷ்மர். அண்ணனுக்கு அவர் பீஷ்மர், தம்பிக்கு சக்திமான். ஒரே வீட்டில் பத்து வயது வித்தியாசம் இரண்டு தலைமுறைகளைப் பிரித்த விதம் இதுதான்.

அப்படியானால் 'ஒளியும் ஒலியும்' பார்த்தவர்களுக்குக் கிடைக்காத பெயர், 90ஸ் கிட்ஸுக்கு மட்டும் ஏன் கிடைத்தது? காரணம், நினைவைப் பேசும் கருவி யாரிடம் எப்போது வந்தது என்பதில் இருக்கிறது. 90-களில் வளர்ந்தவர்கள் வேலைக்குப் போய், கையில் காசும் மனதில் ஏக்கமும் சேர்ந்த வயதில் ஃபேஸ்புக்கும் மீம்களும் வாட்ஸ்அப்பும் வந்து சேர்ந்தன. முந்தைய தலைமுறைகள் திண்ணையிலும் டீக்கடையிலும் பேசிக் கலைந்ததை, இவர்கள் படமாகப் போட்டார்கள். ஒருவர் போட்டதை லட்சம் பேர் பகிர்ந்தார்கள். 'எனக்கும் அப்படித்தான்' என்று சொல்லச் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது. 'பொண்ணு கிடைக்காத 90ஸ் கிட்ஸ்' என்று கேலி வந்தபோது, அந்தக் கேலியையும் அவர்களே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

1983 என்றதும் என்ன ஞாபகம்?

ஒரே வயது, ஒரே மொழி, ஒரே வானொலி. இத்தனை இருந்தும் இரண்டு கரைகளில் இரண்டு தலைமுறைகள் உருவான கதை ஒன்று உண்டு.

டி.வி பரவுவதற்கு முன்பு, தமிழ்நாட்டு வீடுகளில் காலையையும் மாலையையும் நிரப்பியது இலங்கை வானொலி. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் சொந்தக் குரல்களாக இருந்தன. பாக் நீரிணையின் இரு பக்கமும் இளைஞர்கள் அதே குரலுக்குக் காத்திருந்தார்கள், அதே சினிமாப் பாட்டுகளை முணுமுணுத்தார்கள்.

பிறகு 1983 வந்தது. ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் 183 ரன்கள் மட்டுமே எடுத்த இந்திய அணி, மேற்கிந்தியத் தீவுகளை வீழ்த்தி உலகக் கோப்பையை வென்றது. கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய காட்சி, இந்தியாவில் அந்த வயதில் இருந்த பிள்ளைகளின் மனதில் பதிந்தது.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை மாதத்தின் கடைசி வாரத்தில், கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1981-ல், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டிருந்தது. அங்கே அப்போது பதினைந்து வயதில் இருந்த ஒருவருக்கு 1983 என்றால் கபில்தேவ் நினைவுக்கு வரமாட்டார். எந்தப் பக்கத்து வீட்டில் ஒளிந்தோம், எந்தக் கப்பலில் யாழ்ப்பாணம் போனோம், எந்த உறவை அதன்பிறகு பார்க்கவே இல்லை என்பதுதான் நினைவுக்கு வரும். கனடாவிலும் லண்டனிலும் இன்று பேரப்பிள்ளைகளோடு வாழ்பவர்கள் பலர், தங்கள் வாழ்க்கையை 'ஜூலைக்கு முன், ஜூலைக்குப் பின்' என்றே பிரித்துச் சொல்கிறார்கள்.

இராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குப் போனார்கள். முகாம்களில் 90-களில் வளர்ந்த பிள்ளைகளும் சக்திமானைப் பார்த்திருப்பார்கள், கமர்கட் தின்றிருப்பார்கள். கணக்குப்படி அவர்களும் 90ஸ் கிட்ஸ்தான். ஆனால் அந்த வாட்ஸ்அப் படத்தில் அவர்களுடைய பாதி வாழ்க்கை இல்லை.

நினைவு மாறும்... நம்பிக்கை மாறாது

ஒரு விஷயத்தை அடிக்கடி சேர்ந்து பேசினால் என்ன ஆகும்? பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-லேயே இதற்கு விளக்கம் எழுதினார். யாரும் தனியாக நினைவு வைத்துக்கொள்வதில்லை. வீடு, ஊர், சாதி, மதம், நண்பர் கூட்டம் என்று ஏதோ ஒரு குழுவின் துணையோடுதான் நினைவுகூர்கிறோம். குழு எதைத் திரும்பத் திரும்பப் பேசுகிறதோ அது நிற்கும். பேசாதது மெல்ல உதிரும் என்பது அவர் கருத்து. நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் 1945-ல் இறந்துபோன அவருடைய எழுத்து, இன்று நினைவைப் பற்றிப் படிக்கும் எல்லோருக்கும் தொடக்கப் பாடம்.

நினைவு உதிர்வது மட்டுமல்ல, உருமாறவும் செய்யும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம், 'செய்தியை எங்கே, யாரிடமிருந்து கேட்டீர்கள்?' என்று எழுதி வாங்கினார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். 11 பேரின் பதில்கள் அவர்களே முன்பு எழுதியதோடு எதிலுமே பொருந்தவில்லை. ஆனாலும் பலர் தங்கள் நினைவு சரியென்று உறுதியாக நம்பினார்கள். சொந்தக் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டியும், பழைய நினைவு திரும்பி வரவில்லை.

இதற்காக யாரையும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. கேட்ட கதையும் பார்த்த படமும் சொந்த அனுபவத்தோடு கலந்துவிடுகின்றன. 'எங்க காலத்துல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து டி.வி பார்ப்போம்' என்ற வரியை நூறு முறை கேட்டவருக்கு, தாம் அன்று எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதே மறந்துபோகலாம்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

80-களில் டி.வி எல்லா வீட்டிலும் இல்லை. தெருவில் ஒரு வீடு, ஊரில் இரண்டு வீடு. கிராமங்களில் பஞ்சாயத்து டி.வி இருந்த இடங்களும் உண்டு. மற்றபடி, வைத்திருந்தவர் வீட்டு நடையில்தான் கூட்டம். சில வீடுகளில் நாற்காலி அந்த வீட்டுக்காரர்களுக்கு, பாய் தெரிந்தவர்களுக்கு, வெறுந்தரை மற்றவர்களுக்கு. சில வீடுகளில் நாலணா வாங்கினார்கள். சில வீடுகளில் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகள் வாசலைத் தாண்டவே முடியாது. அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நல்ல காட்சி வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டால் அத்துடன் முடிந்தது.

உள்ளே இருந்தவரும் வெளியே நின்றவரும் பார்த்தது ஒரே பாட்டுதான். ஆனால் இருவருக்கும் அது ஒரே நினைவாக இருக்குமா? 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்து, பெட்டி சொந்த வீட்டுக்குள் வந்தபோது சில அம்மாக்கள் அழுததற்குக் காரணம், அந்தப் பழைய ஜன்னலை அறியாதவர்களுக்குப் புரியாது.

டி.வி பார்க்கவே நேரமில்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வரும். தூக்கக் கலக்கத்தில் ஏறும் பிள்ளைகள் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போவார்கள். திரும்பும்போது இருட்டியிருக்கும். 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990-ல் அவர்களைத்தான் காட்டியது. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-லேயே வந்திருந்தும் நிலைமை மாறவில்லை. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

அன்று அந்த பஸ்ஸில் ஏறிய சிறுமிக்கு இன்று நாற்பது வயதை ஒட்டியிருக்கும். அவளும் 90-களின் பிள்ளைதான். அவளுடைய மகன் இன்று வாட்ஸ்அப்பில் அந்தக் கமர்கட் படத்தைக் காட்டி, "அம்மா, நீங்களும் 90ஸ் கிட்ஸா?" என்று கேட்டால், அவள் என்ன சொல்வாள்? பெரும்பாலும் சிரித்துக்கொண்டே 'ஆமா' என்று சொல்லிவிடுவாள். எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசும் இடத்தில், மருந்து வாசம் அடித்த தன் விரல்களைப் பற்றிப் பேசத் தோன்றாது. அப்படித்தான் ஒரு நினைவு வீட்டுக்குள்ளேயே காணாமல் போகிறது.

பழைய நினைவுகளில் மகிழ்வது தவறில்லை. அது மனதுக்குத் தெம்பு. ஆனால் 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம்' என்ற முடிவுக்கு அதிலிருந்து போய்விடும்போதுதான் சிக்கல். வாசலில் நின்றவர்களை மறந்தால், வாசலில் நிறுத்தியதும் மறந்துபோகிறது.

'ஆல் பாஸ்' தலைமுறை

'இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பொதுவான நினைவு எது? ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ரீல்ஸ்' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு 2020 இருக்கிறது.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஜூன் 9 அன்று தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. அடுத்த ஆண்டு 9, 10, 11-ஆம் வகுப்புகளுக்கு 'ஆல் பாஸ்', பின்னர் பிளஸ் டூ தேர்வும் ரத்து. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது.

முகக்கவசம், 'மிஸ், கேக்கலை மிஸ்' என்ற குரல், கல்வித் தொலைக்காட்சி, வீட்டுக்குள்ளேயே நடந்த பிறந்தநாள், கடைசியாகப் பார்க்க முடியாமல் போன தாத்தா. இவை எந்தச் சேனலிலும் சேர்ந்து பார்த்தவை அல்ல. ஆனால் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் நடந்தவை. மன்ஹெய்ம் சொன்ன தலைமுறை இவர்களுக்கும் பொருந்தும்.

இவர்களுக்குள்ளும் ஜன்னல் உண்டு. லேப்டாப்பில் வகுப்பைக் கவனித்தவர், அப்பாவின் ஒரே போனுக்கு அண்ணனோடு சண்டை போட்டவர், சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறியவர், போனே இல்லாமல் வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர் என்று எத்தனையோ பேர். இத்தனை பேரையும் 'படிக்காமலேயே பாஸ் ஆனவங்க' என்ற ஒரே கேலிக்குள் மூத்தவர்கள் அடைத்துவிட்டார்கள். ஒரு தலைமுறையின் நினைவை அது தானே பேசுவதற்குள் மற்றவர்கள் பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயரோடுதான் அது வளர வேண்டியிருக்கும்.

அதே ஊரடங்கில் இன்னொன்றும் நடந்தது. 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் மறுபடி 'ராமாயண'த்தை ஒளிபரப்பியது. 1987-ல் அதைப் பார்த்த பாட்டியும், முதல்முறை பார்க்கும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். பாட்டிக்கு அது இளமை. பேத்திக்கு அது பள்ளி மூடிய காலம். ஒரே தொடர் இரண்டு தலைமுறைகளின் நினைவாக மாறிய அபூர்வ தருணம் அது.

எப்படிக் கேட்பது?

வீட்டுக்குள் இருக்கும் நான்கு வயதுக்காரர்களும் நான்கு வெவ்வேறு காலங்களைச் சுமந்துகொண்டு ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொதுவான நினைவு அவர்களைத் தங்கள் வயதுக்காரர்களோடு சேர்க்கிறது. தனி நினைவைக் கேட்டால்தான் அவர்கள் ஒருவரோடு ஒருவர் சேர முடியும்.

'ஒளியும் ஒலியும் பார்த்தீங்களா?' என்று கேட்டால், 'ஆமா' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். 'யார் வீட்டுல பார்த்தீங்க? எங்க உட்கார்ந்தீங்க? யாரை உள்ளே விடலை?' என்று கேட்டால் ஒரு தெருவே எழுந்து வரும். 'நீங்க ஆல் பாஸ்தானே' என்று பிள்ளையைக் கிண்டல் செய்வதற்குப் பதில், 'அந்த ஒன்றரை வருஷம் எப்படிப் போச்சு?' என்று கேட்டால், பெற்றவர்களுக்கே தெரியாத ஒரு பயமோ, இழந்த நட்போ வெளியே வரலாம்.

கையில் இருக்கும் அதே போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேட்கலாம். கல்யாண வீட்டிலோ, பொங்கலுக்கு எல்லோரும் கூடும் நாளிலோ அரை மணி நேரம் போதும். பேச்சு ஒருவேளை கமர்கட்டில்தான் தொடங்கும். தொடங்கட்டும். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, இதுவரை 'ஆமா' என்று மட்டும் சொல்லிவந்த அத்தையோ சித்தப்பாவோ ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அவரைப் பேசவிட வேண்டும்.